பொய்முடி கழன்றபோது...

பாரிசு நகரத்து அரங்கம். தீக்கோழி இறகுகள் தோளில் புரள, நங்கையொருத்தி வருகிறாள். கம்பிமீது நடக்கிறாள், ஊஞ்சலேறிப் பறக்கிறாள், வீழ்ந்தாள் என்று கூட்டம் பதறும் நொடியில், ஒற்றைக் காலால் கவ்வித் தொங்குகிறாள். கையொலி அதிர்கிறது. வணங்க வந்தவள் கையை உயர்த்துகிறாள். கூந்தலைப் பற்றிக் கழற்றுகிறாள். பொய்முடி! நிற்பது ஓர் ஆண்மகன்!

பார்பெட் என்பது மேடைப்பெயர். இயற்பெயர் வாண்டர் கிளைட். அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்து ரவுண்டு ராக் என்னும் சிற்றூரார். தாய் துணி உலர்த்திய கம்பியே அவர் பயின்ற பள்ளி. பருத்திக்காட்டில் பஞ்செடுத்த கூலியே சர்க்கசுக்கு நுழைவுச்சீட்டு. வான்வித்தை ஆடிய சகோதரியருள் ஒருத்தி இறந்துபட, அவ்விடத்துக்கு ஆள் தேடினர். பெண்ணுடையில் ஆடினால்தான் வித்தை எடுபடும் என்றனர், இளைஞர் இசைந்தார். 1919இல் நியூயார்க்கின் ஆர்லெம் அரங்கில் தனியே ஆடினார். 1923இல் ஐரோப்பா சென்றார்.

அங்கே அவரைக் கண்டு மயங்கியவர் பிரெஞ்சுக் கவிஞர் ழான் காக்தோ. மான் ரே என்னும் கலைஞரைக் கொண்டு படமெடுக்கச் செய்தார். 1926இல் கட்டுரையே தீட்டினார். நல்ல கட்டுரைதான், ஒப்பனை அறையில் அமர்ந்து உழைப்பைக் கண்ணால் கண்டு எழுதியது. ஆனால், கவிஞரல்லவா! வானவர் என்றும், மலரென்றும், பறவையென்றும் வியக்காதிருக்க அவரால் முடியவில்லை. வானவருக்குத் தழும்பேறுமோ? பறவை பஞ்செடுத்ததுண்டோ? உழைப்பாளியைத் தெய்வமாக்குவது, அவன் உழைப்பை மறைக்கும் பழைய தந்திரம்.

ஆயினும் காக்தோ ஒன்றைக் கூர்ந்து கண்டார்; அதற்காகவே அவரைப் படிக்கலாம். பொய்முடி கழன்றபின் பார்பெட் வாளா நிற்பதில்லை. தோளை உலுக்குவார், தசையை முறுக்குவார், ஆண்பிள்ளை நடை நடப்பார். அதாவது, ஆண்மையையும் நடித்தே காட்டினார்! பெண்மை இயற்கை, ஆண்மை இயற்கை என ஏடுகள் ஓதியதை, எழுத்தொன்றும் எழுதாத கழைக்கூத்தர் ஒருவர் இரவுதோறும் மறுத்துக் காட்டினார். (எம் பள்ளி ஆண்டுவிழாவில் அரசி வேடம் பூண்ட மாணவனைத் திங்கள் முழுதும் எள்ளினர் தோழர்கள். அரசனாக வந்தவனை எவரும் எள்ளவில்லை. அவனும் வேடந்தானே பூண்டான்?)

வேடத்துக்குக் கைதட்டிய உலகம் மனிதனைப் பொறுத்ததா? இலண்டனில், மற்றோர் ஆடவனோடு உறவு கொண்டார் என்று ஒப்பந்தத்தை முறித்தனர். அந்நாட்டு மேடை அவருக்கு மூடியது. அவ்வுறவு குற்றமென்ற சட்டம் இங்கிலாந்தில் 1967 வரை நின்றது. அதே வெள்ளையர் 1860இல் நம் தலையில் எழுதிய 377ஆம் பிரிவோ, வயதுவந்தோர் இசைவுறவைக் குற்றமெனச் சாற்றியபடி, 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை வாழ்ந்தது! வெள்ளையன் போனபின்னும் அவன் ஒழுக்கநூலை ஏந்தி நின்றோமே, வெட்கமாக இல்லையா?

1938இல் நோய் அவரை வீழ்த்தியது. நடப்பதையே மீண்டும் கற்க நேர்ந்தது. அதன்பின் சர்க்கசுக்காரருக்கு ஆசிரியரானார், 1973இல் மறைந்தார். 1959இல் வெளிவந்த ‘சம் லைக் இட் ஹாட்’ படத்தில் பெண்வேடம் பூண்ட நடிகர் இருவருக்கும் பெண்ணாக நடக்கக் கற்பிக்க அழைக்கப்பட்டவர் அவரே. டோனி கர்ட்டிசு பாடங்கேட்டார். ஜாக் லெம்மனோ, அவ்வளவு தேர்ந்த பெண்நடை தமக்கு வேண்டாமென்று மறுத்துவிட்டார்.