பரிசில் கடாநிலையும் முதற் பட்டதாரியும்

இன்றைய தருமபுரியே பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊராகிய இதனோடு ஔவையாரின் பெயரும் பிரியாது இணைந்துள்ளது. அஞ்சி பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது புலவர் உள்ளம் கொண்ட நிலைகள் இரண்டினைப் புறநானூறு காட்டுகிறது. 101ஆம் பாட்டு, பரிசில் தாழ்ப்பினும் தவறாது வரும் என்று நெஞ்சைத் தேற்றுவது. பரிசில் கடாநிலை என்னும் துறையினது. 206ஆம் பாட்டோ வாயில் காவலனை விளித்துச் சினந்து எழுவது. அஞ்சி தன் தரத்தை அறியானோ, என் தரத்தை அறியானோ என்பது அதன் வினா. இவ்விரு நிலைகளையும் அளவுகோலாகக் கொண்டு, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி புகும் மாணவரின் எதிர்பார்ப்பைத் தற்கால இலக்கியத்தில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாய்வு தருமபுரிக்குப் புறம்பானதன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழ்நாட்டு மாவட்டங்களுள் கடைசியாக நின்றது தருமபுரி; ஏழு வயதுக்கு மேற்பட்டோருள் எழுத்தறிந்தவர் ஏறத்தாழ 68.5 விழுக்காட்டினரே. ஆதலின் தருமபுரியிலும் காரிமங்கலத்திலும் உள்ள அரசு கலைக் கல்லூரிகளின் வகுப்பறைகளில், தம் வீட்டிலிருந்து முதலாவதாக வந்தவர் பலராதல் இயல்பே. இவர் எதிர்பார்ப்பது யாது? வேலை என்பர் எல்லாரும். அவ்விடை பொய்யன்று, ஆனால் முழுமையானதும் அன்று.

1992ஆம் ஆண்டு வெளிவந்த பாமாவின் 'கருக்கு' தென்பாண்டிச் சிற்றூரில் தொடங்கும் தன்வரலாறு. படித்து முன்னேறினால் இழிவுகளை எறிந்துவிடலாம் என்று அண்ணன் கூறிய அறிவுரையே அதில் வரும் சிறுமியின் எதிர்பார்ப்பு. அவ்வெதிர்பார்ப்பு கூலியைக் குறித்ததன்று, மதிப்பைக் குறித்தது. கல்லூரியில் ஒருநாள், அரிசன மாணவியர்க்குத் தனிப் பயிற்சி உண்டு, எழுந்து நில்லுங்கள் என்கிறார் ஆசிரியர். எழுந்தவர் இருவர், வகுப்பில் ஏளனச் சலசலப்பு. உடனே அம்மாணவி, அப்பயிற்சி வேண்டா என்று மறுத்து அமர்கிறாள். ஈண்டு ஒலிப்பது ஔவையாரின் வாயில் வினாவே. கொடை வந்தது; கொடுத்த முறையில் மதிப்பு வரவில்லை.

எனினும் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. தச்சரின் பிள்ளைகள் மழுவொடு காடு புகுவது போல, எத்திக்கில் சென்றாலும் தமக்குச் சோறு உண்டு என்று ஔவையாரால் கூற முடிந்தது. முதல் தலைமுறை மாணவிக்கு வேறு வாயில் இல்லை. அதே நூலில், விடுதி விருந்துக்கு உடுத்தப் பட்டுச் சேலை இல்லாமையால் அவள் குளியலறையில் ஒளிந்துகொள்கிறாள். சினந்து எழவும் முடிகிறது, ஒளியவும் நேர்கிறது. இவ்விரண்டையும் மறையாமல் கூறுவதே அந்நூலின் வலிமை.

ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) வேறு முனையிலிருந்து இதனையே ஆராய்கிறது. பட்டம் பெற்ற பின்னும் சிலுவைராஜுக்கு வாயில் திறப்பதில்லை. கிறித்தவராகிய தலித்துகளைப் பட்டியல் சாதியினராகக் கொள்ளாத 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, அவன் வாழ்வில் நேரே குறுக்கிடுகிறது. வேலையின் பொருட்டு மதம் மாறுமளவுக்குக் கதை செல்கிறது. பாமா சினத்தால் கூறுவதை இவர் எள்ளலால் கூறுகிறார். பரிசில் பெறுதற்கு இரவலன் தன் பெயரையே மாற்ற வேண்டியுள்ளது என்பதே அவ்வெள்ளலின் உட்பொருள்.

இந்நூல்களைத் துன்ப வரலாறுகள் என்ற அளவில் போற்றி அமைவாரும் உளர். அப்போற்றுதல் குறையுடைத்து. துன்புறுவோர்க்கு இரக்கம் போதும். எதிர்பார்ப்போர்க்கோ விடை கூறுதல் வேண்டும். முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேர்ந்த மாணவியர்க்கு 2022 முதல் திங்கள்தோறும் 1,000 ரூபாய் என அரசின் உதவிகள் உள்ளன. இவை வேண்டுவனவே. ஆயினும் உதவி பெறுவோரைப் பலர்முன் எழுப்பி நிறுத்தும் வழக்கம் ஒரு வகுப்பறையில் எஞ்சினும் 'கருக்கு' பழைய நூலாகாது.

தமிழ்த்துறையார் புறநானூற்றை ஒரு வகுப்பிலும் 'கருக்'கை மற்றொரு வகுப்பிலும் வைத்துக் கற்பித்தல் வழக்கம். இரண்டையும் ஒரே இருக்கையில் கற்பித்தல் நன்று. அங்ஙனம் கற்பிப்பின், தகடூர் வாயிலில் எழுந்த வினா தமக்கும் உரியது என்பதைத் தருமபுரி மாணவர் உணர்வர். அவர் தம் தரத்தை அறிவர். கல்லூரி தன் தரத்தை அறியுமா என்பதே எஞ்சும் வினா.