வெற்றிலை பாக்கு வைத்தவர் யார்?

செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் கூத்து வைக்க வேண்டுமென்றால் முதலில் ஊர் கூடும். நாள் குறிப்பார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். எந்த ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, அழைப்பது என்று சண்டை பிடிப்பார்கள். பிறகு பெரியவர்கள் சிலர் கூத்து வாத்தியாரின் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து, அச்சாரம் கொடுத்துவிட்டு வருவார்கள். கூத்தன்று இரவு மத்தளமும் முகவீணையும் தொடங்கினால் விடியும்வரை ஓயாது. தூக்கம் கெடுகிறது என்று அங்கே யாரும் சண்டைக்கு வருவது அபூர்வம். அந்த இரவுக்காக ஒவ்வொரு வீடும் காசு கொடுத்திருக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் விருந்தாளி வந்திருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் குடியிருக்கும் பகுதியின் பூங்காவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இளைஞர் குழு ஒன்று பறையிசை நிகழ்ச்சி நடத்தியது. அரை மணி நேரம் ஆவதற்குள் காவல்துறை வண்டி வந்து நின்றது. பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம், படிக்க முடியவில்லை என்று யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். இளைஞர்களுக்கு வந்த கோபம் நியாயமானது. மார்கழி விடியலில் அதே பூங்காவை ஒட்டி ஒலிபெருக்கி பாடும்போது எந்தத் தேர்வும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பறை என்றால் மட்டும் அது இரைச்சலாகிவிடுகிறது. அந்தக் காதுக்குப் பின்னால் சாதி இருக்கிறது. அதை மழுப்பிப் பயனில்லை. ஆனால் பூங்காவுக்கு நேர் எதிர் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் இருந்தார். அவருடைய மகளிடம் யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு அந்த அம்மா நின்ற நிலையையும் நான் பார்த்தேன்.

கலையைத் தெருவுக்குக் கொண்டு வருவோம் என்ற முழக்கம் தமிழகத்தில் வலுத்து இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதன் நன்மைகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். தெருவில் குடியிருப்பவருக்கும் தெருவுக்கு வரும் கலைஞருக்கும் இடையே அது உண்டாக்கும் உரசலைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். பேசினாலும், ரசனை இல்லாத மக்கள் என்று கலைஞர் தரப்பும், பொறுப்பில்லாத கூட்டம் என்று குடியிருப்போர் தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை உரசலின் வேர் ரசனையில் இல்லை. கூத்துக்கு ஊர் வைத்த வெற்றிலை பாக்கை இந்தப் புதிய விழாக்களில் யார் வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

2007 பொங்கலில் தொடங்கிய சென்னை சங்கமத்தை எடுத்துக்கொள்வோம். கரகமும் தப்பும் ஒயிலும் சென்னையின் பூங்காக்களுக்கு வந்தன. கிராமத்துக் கலைஞர்களை நகரத்து நடுத்தர வர்க்கம் கையெட்டும் தூரத்தில் பார்த்தது. அது பெரிய காரியம். ஆனால் 2011-இல் ஆட்சி மாறியதும் விழா நின்றது. 2023 பொங்கலுக்குத்தான் அரசு அதை மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட பத்தாண்டுக்கும் மேலான காலத்தில், எங்கள் பூங்காவுக்கு அந்தக் கலைஞர்கள் வரவேண்டும் என்று நகரின் எந்தத் தெருவும் பணம் திரட்டி அழைத்ததாக நான் கேள்விப்படவில்லை. ஓர் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து ஓராண்டு நின்றுபோனால் அடுத்த ஆண்டு ஊரே பதறும். பூங்காவில் நின்று ரசித்தவர்களுக்கு அந்தப் பதற்றம் வரவில்லை. விழா அவர்களுக்குக் கிடைத்த பரிசாக இருந்தது. அவர்கள் நடத்திய விழாவாக இருக்கவில்லை.

ஊரூர் ஆல்காட் குப்பம் விழா இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய அந்த மீனவக் குப்பத்தில் 2015-இன் தொடக்கத்தில் அது நடந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மீனவர்களும் இன்னும் பலரும் சேர்ந்து நடத்தினார்கள். கர்நாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம் எல்லாம் ஒரே விழாவில். சபாக்களைச் சூழ்ந்திருக்கும் சாதிச் சுவரை வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் முயற்சி அது. பெசன்ட் நகரின் அகலமான தெருக்களில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் பக்கத்துக் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்கள் அன்று உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். இதை நான் சிறிய வெற்றியாக எண்ணவில்லை.

அப்போதே எழுந்த எதிர்க்கேள்வியும் வலுவானது: மீனவர்கள் கச்சேரி கேட்கவில்லை என்று யார் அழுதார்கள்? குப்பத்துக்கென்று அம்மன் திருவிழா இருக்கிறது. அதற்கு அவர்களே வரி போடுகிறார்கள், அவர்களே மேடை கட்டுகிறார்கள், மெல்லிசைக் குழுவை அழைக்கிறார்கள். அங்கே கலை இல்லை என்ற எண்ணத்தோடு யாராவது கச்சேரியைச் சுமந்து போனால் அது அவமதிப்பு. மாற வேண்டியது குப்பம் இல்லை, கச்சேரிதான் என்பது விழா நடத்தியவர்களின் பதில். அந்தப் பதிலை நான் ஏற்கிறேன். ஏற்றபின்னும் ஒரு நெருடல் மிஞ்சுகிறது. கச்சேரியைத் திருத்துவதற்கு மீனவரின் வாசல் பள்ளிக்கூடமாகிறது என்றால், அந்த வாசலுக்கு உரியவருக்கு இதில் என்ன கிடைத்தது? குப்பத்து மக்கள் அமைப்பாளர்களாக இருந்ததுதான் விழாவைக் காப்பாற்றியது. பின்னாளில் அது சென்னை கலைத் தெரு விழா என்று பெயர் மாறியது. பரப்பு விரிந்தது நல்லதுதான். அழைத்த ஊரின் பெயர் தலைப்பிலிருந்து போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

கண்ணகி நகரின் கதை வேறு. 2000-ஆம் ஆண்டிலிருந்து, நகரின் ஆற்றங்கரைகளிலும் நடைபாதைகளிலும் வாழ்ந்தவர்களை அள்ளிக்கொண்டு போய்ப் பழைய மாமல்லபுரம் சாலைக்கு அருகே குடிவைத்த இடம். 15,000-க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு வீடுகள். பிழைப்பு நகருக்குள்ளே, வீடு நகருக்கு வெளியே. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்பதால் துரைப்பாக்கம் என்று சொல்லிக்கொள்ளும் நிலை. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து அந்த அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களைத் தீட்டச் செய்தன. குற்றச் செய்திகளில் மட்டும் அடிபட்ட பெயர் கலைச் செய்தியில் வந்தது. ஒளிப்படக் கருவிகளோடு வெளியாட்கள் வந்தார்கள். தன் வீட்டைக் காட்டி இதுதான் எங்கள் கட்டடம் என்று ஒரு பிள்ளை நிமிர்ந்து சொல்ல முடிந்தால், அதை ஏளனம் செய்ய நமக்கு உரிமை கிடையாது.

ஆனால் சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு. வெளிப்பக்கத்தைப் பார்ப்பவர் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார். உட்பக்கத்தில் வாழ்பவருக்குத் தண்ணீர் லாரியும் அடைத்துக்கொள்ளும் சாக்கடையும் தூரத்துப் பள்ளியும் அன்றாடம். மாநகராட்சியும் நிறுவனமும் தொண்டமைப்பும் ஒன்றுகூடி ஒரு காரியத்தை விரைவாக முடிக்க முடியும் என்று அந்த ஓவியங்களே நிரூபித்தன. அப்படியானால் முதலில் எதை முடித்துத் தரட்டும் என்று குடியிருப்பவரைக் கேட்டிருந்தால் அவர் வண்ணத்தைத்தான் சொல்லியிருப்பாரா? அங்கே வேலை செய்த ஓவியர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. வெயிலில் தொங்கிக்கொண்டு தீட்டியவர்கள் அவர்கள். குறை, வரிசையைத் தீர்மானித்தவர்கள்மேல்.

கடலோர மக்களுக்கு அழகுபடுத்துதல் என்ற சொல்லே அச்சமூட்டுவது. 1985-இல் மெரினாவை அழகாக்குகிறோம் என்று சொல்லித்தான் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அள்ளினார்கள். எதிர்த்து நின்ற மீனவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்து லூப் சாலையில் மீன் கடைகள் அகற்றப்பட்டபோது குப்பத்துப் பெண்கள் மீனைச் சாலையில் வைத்துக்கொண்டு போராடினார்கள். இத்தனை நினைவுகளைச் சுமக்கும் ஒரு தெருவுக்கு வண்ண வாளியோடு யாராவது வந்தால், இவர்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று அந்தத் தெரு எட்டிப் பார்க்கத்தான் செய்யும். அதைக் கலை வெறுப்பு என்று எழுதுவது வரலாறு தெரியாதவரின் வேலை.

இவ்வளவு சொன்னபின், பழைய முறையைப் போற்றிவிட்டு நான் நகர்ந்துவிட்டால் அது நேர்மையாகாது. ஊர் கூடி அழைக்கும் முறையில் ஊர் என்பது யார்? எத்தனையோ கிராமங்களில் சேரியிடம் வரி வாங்குவதில்லை. வாங்காதது இரக்கத்தால் அல்ல. வரி கொடுத்தவருக்குத் திருவிழாவில் உரிமை வந்துவிடும் என்பதால். எங்களிடமும் வரி வாங்குங்கள் என்று தலித் மக்கள் போராட வேண்டியிருந்த ஊர்கள் உண்டு. பறை அடித்தவர் திருவிழாவுக்குத் தேவைப்பட்டார். ஆனால் ஊர்க் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை, வெற்றிலை பாக்கு மரியாதையும் இல்லை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அதைக் கலையாக ஏந்திக்கொண்டு பூங்காவுக்கு வருகிறார்கள். ஊரின் சம்மதம் கிடைத்தால்தான் வாசிக்கலாம் என்று அவர்களிடம் சொன்னால், பழைய கதவையே மறுபடி சாத்துகிறோம்.

நகரத்துக் குடியிருப்போர் நலச் சங்கமும் இதற்கு விலக்கில்லை. பல சங்கங்களில் வீட்டு உரிமையாளருக்குத்தான் வாக்கு. வாடகைக்கு இருப்பவர், காவலாளி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஆகியோரின் காது யாருடைய கணக்கிலும் வராது. மாலையில் பறை கேட்க அவர்களுக்கு ஆசை இருந்திருக்கலாம்.

சட்டம் இங்கே பெரிதாக உதவாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. கூத்து உயிரோடிருக்கும் நேரம் ஏறக்குறைய அதேதான். பண்டிகைகளுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. ஆனால் விடியலில் முடியும் கூத்துக்கு நள்ளிரவு பாதி வழி. அந்த விதியை எழுதியதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. நோயாளியின் தூக்கம் எனக்கும் பெரிதுதான். இருந்தாலும் ஊரே சம்மதித்து விழித்திருக்கும் இரவையும், யாரையும் கேட்காமல் கட்டிய ஒலிபெருக்கியையும் ஒரே அளவுகோலால் அளக்கிறது அது.

எனவே என் தீர்ப்பு இது. எந்தக் கலை வரலாம், யார் வாசிக்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை தெருவுக்கு வேண்டாம். அதைக் கொடுத்தால் சாதிதான் முடிவு செய்யும். எந்த நாள், எத்தனை மணி வரை, எவ்வளவு ஒலி, யாருடைய சுவர் என்பதில் அங்கே வாழ்பவரின் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்கட்டும். அந்த வாழ்பவரில் வாடகைக் குடித்தனமும் அடங்க வேண்டும். சுவரில் தீட்ட வருபவர்கள், வண்ணம் உதிரும்போது யார் செலவில் திருத்துவது என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடங்கட்டும்.

புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரையினர் தங்கள் சொந்த ஊரிலேயே ஆண்டுதோறும் கூத்து விழா நடத்துகிறார்கள். வெளியூர்க் குழுக்களும் நகரத்து நாடகக்காரர்களும் அங்கே போய் ஆடுகிறார்கள். கலைஞரே அந்தத் தெருக்காரர் என்பதால், மறுநாள் காலை அவர் அதே ஊர்க்காரர்களின் முகத்தில் விழிக்க வேண்டும். நகரத்து விழாக்காரர் மேடையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்.

விழா நடத்தும் நண்பர்களே, அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தத் தெருவின் நாலு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். படுக்கையில் கிடப்பவர் யார், தேர்வு எழுதும் பிள்ளை யார் என்று கேளுங்கள். இந்த நாள் வேண்டாம் என்று சொன்னால் வேறு நாள் பாருங்கள். குடியிருப்பவர்களே, காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்யும் முன் பூங்காவரை நடந்து போய், வாசிக்கும் பிள்ளையிடம் நேரில் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக வாசிக்கிறீர்களா என்று எங்கள் பூங்காவில் அன்று யாராவது கேட்டிருந்தால் அவர்கள் நிச்சயம் கேட்டிருப்பார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், நானும் போய்ச் சொல்லவில்லை.