ஒரு கேள்வி குறைவு

பொய்ச்சாட்சியை நிரூபிக்க என்ன ஆதாரம் வேணும்? உண்மை வேற மாதிரி இருந்தது என்று காட்டினால் போதும் என்றுதான் பலரும் நினைப்போம். போதாது என்கிறது 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரான்ஸ்டன் வழக்கில் தந்த தீர்ப்பு.

சாமுவேல் பிரான்ஸ்டன் ‘எல் சிட்’ படத்தைத் தயாரித்தவர். கம்பெனி நொடித்துப்போய், 1966-இல் திவால் விசாரணையில் சத்தியம் செய்து சாட்சி சொல்கிறார். கடன் கொடுத்தவர் தரப்பு வக்கீல், “ஸ்விஸ் பேங்கில் உங்களுக்குக் கணக்கு இருக்கா?” என்கிறார். “இல்லை.” “எப்பவாவது இருந்ததா?” “கம்பெனிக்கு ஜூரிக்கில் ஒரு ஆறு மாசம் இருந்தது.” வக்கீல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு பதிலுமே உண்மை. ஆனால் ஜெனீவாவில் அவர் பெயரிலேயே ஏறக்குறைய ஐந்து வருஷம் கணக்கு இருந்து, 1964-இல் மூடப்பட்டிருந்தது. ஜூரி குற்றவாளி என்றது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் சொன்ன வாக்கியம் பொய்யாக இல்லாதபோது, எண்ணத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. பேங்க் ஆவணங்கள் கணக்கு இருந்ததைத்தான் நிரூபித்தன, பொய் சொன்னதை அல்ல.

அசுவத்தாமன் செத்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை முணுமுணுத்த தருமர் ஞாபகத்துக்கு வருகிறார். அவருடைய தேரே தரையில் இறங்கிவிட்டது. பிரான்ஸ்டன் மட்டும் தப்பிக்கலாமா?

தப்பிக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. கேட்டவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்பதை வைத்து ஜெயிலுக்கு அனுப்ப ஆரம்பித்தால், கூண்டில் பதறிப்போய்ச் சுற்றி வளைத்துப் பேசுகிற சாதாரண சாட்சிதான் முதலில் மாட்டுவார்.

அதுக்காகத் திருட்டு முழி எல்லாம் தப்பிவிடாது. கடைக்கு 50 தடவை போனவர், எத்தனை தடவை என்று கேட்டால் “5” என்று சொன்னால்? விசாரணை நீதிபதி காட்டிய உதாரணம் இது. எண்ணைக் கேட்டு எண்ணே பதிலாக வந்தால் அதை உண்மை என்பதே சந்தேகம் என்று உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. பிரான்ஸ்டன் பதிலில் அப்படி இல்லை. கேட்டது அவரைப் பற்றி, வந்தது கம்பெனியைப் பற்றி. சாட்சியத்தைப் படிக்கிற யாருக்கும் ஓட்டை தெரியும்.

தீர்ப்பில் எனக்கு நெருடுவது ஒன்றுதான். மறுபடி கேட்டுத் தெளிவாக்குவது வக்கீல் பொறுப்பு என்கிறது. ஆனால் மறைத்து வைத்திருப்பது என்னவென்று சாட்சிக்கு மட்டுமே தெரியும். அந்த நஷ்டம் கடன் கொடுத்தவர் தலையில்தான் விழுகிறது. தீர்ப்பு சரி என்று சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்லணும்.