தனித் திரையரங்கின் ஆண்டுவிழாவும் கல்ட் படங்களும்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்களின் கையில் இல்லாத தனித் திரையரங்குகள் தங்கள் ஆண்டுவிழாவைக் கல்ட் படங்களைத் திரையிட்டுக் கொண்டாடுவது ஏறக்குறைய மரபாகிவிட்டது. வெளியான காலத்தில் தோற்ற, அல்லது யாரும் கண்டுகொள்ளாத ஒரு படம், பிறகு ஒரு சிறு கூட்டத்தின் விடாத பற்றினால் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டால் அதைக் கல்ட் படம் என்கிறார்கள். அரங்கு திறந்த நாளில் ஓடிய முதல் படத்தையோ அதிக வசூல் தந்த படத்தையோ விட்டுவிட்டு, விழா நாளுக்கு இத்தகைய படங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அந்தத் தேர்வில் ஒரு பெரிய குறையும் உண்டு.

இந்தப் படங்களுக்கு உயிர் கொடுத்தவை திரையரங்குகள். மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் உள்ள பிராட்டில் அரங்கு 1890இல் கட்டப்பட்ட பொது மண்டபம். 1953இல் பிரையன்ட் ஹாலிடே, சைரஸ் ஹார்வி இருவரும் அதைத் திரையரங்காக மாற்றினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து படம் காட்டப்படும் அபூர்வமான அரங்கு அது. நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட் காலமான 1957ஆம் ஆண்டில் அங்கே 'காசாபிளாங்கா' திரையிடப்பட்டது. பக்கத்திலிருந்த ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் தேர்வுக் காலங்களில் கூட்டமாக வந்து, வசனங்களைத் திரையோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினார்கள். ஆஸ்கர் வென்ற படம் என்பதால் அது தோல்விப் படம் அல்ல. ஆனால் அதைச் சடங்காக மாற்றியது அந்த அரங்கும் அந்த மாணவர்களும்தான். இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ பின்னாளில் இதே படத்தை வைத்து எழுதிய கட்டுரையில், பிசிறில்லாமல் இழைந்த படத்தைவிட, துண்டு துண்டாகப் பிரித்தெடுத்து நினைவில் வைத்துக்கொள்ள இடம் தரும் படமே கல்ட் ஆகிறது என்று வாதிட்டார். பார்வையாளர் உள்ளே நுழையப் படத்தில் இடைவெளி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நள்ளிரவுக் காட்சி என்ற வழக்கம் நியூயார்க்கின் எல்ஜின் அரங்கில் வேரூன்றியது. அதை நடத்திவந்த பென் பேரன்ஹோல்ட்ஸ், அலெக்சாந்த்ரோ ஹோடொரோவ்ஸ்கி இயக்கிய 'எல் டோப்போ'வை 1970 டிசம்பரில் நள்ளிரவில் போடத் தொடங்கினார். வன்முறையும் மறைஞானக் குறியீடுகளும் கலந்த அந்த மெக்சிகோ படத்துக்குப் பெரிய விளம்பரம் எதுவும் செய்யப்படவில்லை. வாய்வழிச் செய்தியாலேயே ஆறு மாதம் ஓடியது. ஜான் லெனனின் தூண்டுதலால் அவருடைய மேலாளர் ஆலன் கிளைன் உரிமையை வாங்கி, பிராட்வே பகுதியில் பெரிய அரங்கு ஒன்றில் வழக்கமான நேரத்தில் வெளியிட்டபோது படம் எடுபடவில்லை. படம் அதேதான், அரங்கும் நேரமும் கூட்டமும் மாறின. கல்ட் படத்தில் அரங்கின் பங்கு என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

1975இல் வெளியான 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' முதல் சுற்றில் படுதோல்வி. 1976 ஏப்ரல் 1 அன்று நியூயார்க்கின் வேவர்லி அரங்கு அதை நள்ளிரவில் போட்டது. சில மாதங்களில் பார்வையாளர்கள் திரையைப் பார்த்துப் பதில் வசனம் கூவினார்கள், திருமணக் காட்சியில் அரிசி எறிந்தார்கள், மழைக் காட்சியில் செய்தித்தாளைத் தலையில் பிடித்தார்கள், பாத்திரங்களின் உடையில் வந்து திரைக்கு முன் நின்று நடித்தார்கள். மியூனிக்கின் மியூசியம் லிஷ்ட்ஷ்பீலே அரங்கு 1977 முதல் அந்தப் படத்தைத் தொடர்ந்து காட்டிவருகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் போர்ட்லேண்டில், 1915இல் திறக்கப்பட்ட கிளின்டன் ஸ்ட்ரீட் அரங்கில் 1978 முதல் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் அதே படம். 2020இல் பெருந்தொற்று காரணமாக அரங்குகள் மூடப்பட்டபோதும், சங்கிலி அறுந்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே காலி நாற்காலிகளுக்கு முன் சனிதோறும் படம் ஓட்டப்பட்டது. கணக்குப் பார்க்கும் எந்த வணிகமும் இதைச் செய்யாது. ஒரு கட்டடம் தன்னை நம்பி வந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

விழாவுக்குக் கல்ட் படத்தைத் தேர்வதன் முதல் வலிமை இங்கே இருக்கிறது. புதுப்படம் எந்த அரங்கிலும் ஒன்றுதான். அதைப் பார்க்க வந்தவர் படத்துக்காக வந்தவர். கல்ட் படத்துக்கு வருபவர் அந்த அரங்குக்காகவும், தன்னோடு உட்காரப் போகிறவர்களுக்காகவும் வருகிறார். வேறெங்கும் தங்கள் இயல்போடு இருக்க முடியாத ஒருபாலீர்ப்பு இளைஞர்களுக்கு, எழுபதுகளின் ராக்கி ஹாரர் இரவுகள் அஞ்சாமல் கூடும் இடமாக இருந்தன. அந்தக் கூட்டத்தின் வரலாறே அரங்கின் வரலாறு என்றால், ஆண்டுவிழாவில் அந்தப் படத்தைப் போடுவது முற்றிலும் நியாயம்.

பணக்கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. புதிய ஹாலிவுட் படத்துக்கு முதல் வாரங்களில் வசூலின் பெரும்பங்கு விநியோக நிறுவனத்துக்குப் போய்விடும். இத்தனை வாரம், இத்தனை காட்சி ஓட்டியாக வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். ஒரே திரை உள்ள அரங்கை அது முடக்கிப் போடும். பழைய படத்துக்கு மினிமம் கியாரண்டி அல்லது வசூலில் ஒரு விகிதம், இரண்டில் எது கூடுதலோ அதைக் கொடுத்தால் போதும். ஒரே ஒரு காட்சிக்கும் எடுக்கலாம். அரங்கு நிறைந்தால் டிக்கெட்டில் மிச்சம் கூடும், கேன்டீன் வருமானமும் ஏறும். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) நள்ளிரவுக் காட்சிகளில் பரவியதற்கு அதன் தரம் மட்டும் காரணமல்ல. விநியோக நிறுவனம் தலைப்பை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனதால், அந்தப் படம் அமெரிக்காவில் பொதுச்சொத்தாகிவிட்டது. கட்டணமில்லாமல் யாரும் காட்டலாம் என்ற நிலை அதைச் சிற்றூர் அரங்குகள்வரை கொண்டுபோனது.

மூன்றாவது பயன் பிலிம் சுருளைச் சார்ந்தது. 2014இல் பாரமவுன்ட் அமெரிக்க அரங்குகளுக்கு 35 மி.மீ. பிரிண்ட் தருவதை நிறுத்திய முதல் பெரிய நிறுவனமானது. மற்றவையும் அந்த வழியில் சென்றன. பழைய புரொஜெக்டரைக் கழற்றி எறியாமல் வைத்திருந்த அரங்குகளுக்கு விழாக் காட்சி அதை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் சந்தர்ப்பம். லாஸ் ஏஞ்சலிஸின் நியூ பெவர்லி அரங்கை 2007இல் விலைக்கு வாங்கிய குவென்டின் டாரன்டினோ, அங்கே பிலிமில் மட்டுமே படம் காட்டுவதை விதியாக்கினார். ஆனால் பிலிம் என்றாலே சிறப்பு என்று விளம்பரிப்பது சரியல்ல. எண்பதுகளுக்கு முந்தைய ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகளில் பல, நீலமும் பச்சையும் வெளிறி இளஞ்சிவப்பாகக் கிடக்கின்றன. அப்படிப்பட்ட பிரிண்டைக் காட்டும் அரங்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூடுதல் கட்டணம் கொடுத்து வருபவருக்கு அந்த நேர்மை உரியது.

குறைகளில் வெளியே தெரியாதது உரிமைச் சிக்கல். படத்தைக் காப்பாற்றியது அரங்கு என்றாலும், அதைக் காட்டும் உரிமை அரங்குக்கு இல்லை. 'எல் டோப்போ'வையே எடுத்துக்கொள்ளலாம். ஹோடொரோவ்ஸ்கிக்கும் கிளைனுக்கும் மனக்கசப்பு வந்தபின், நள்ளிரவுக் காட்சிகளைத் தொடங்கிவைத்த அந்தப் படம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முறையான திரையிடல் இன்றி முடக்கப்பட்டது. லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் இருந்த ஸ்காலா அரங்கு, பிரிட்டனில் திரும்பப் பெறப்பட்டிருந்த ஸ்டான்லி கூப்ரிக்கின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு' படத்தை 1992இல் அனுமதியின்றித் திரையிட்டது. வழக்கில் தோற்றது, 1993இல் மூடப்பட்டது. 2019 மார்ச்சில் ஃபாக்ஸ் நிறுவனத்தை டிஸ்னி வாங்கிய பிறகு, அதுவரை தடையின்றிக் கிடைத்துவந்த ஃபாக்ஸ் பழம்படங்கள் பல அரங்குகளுக்கு மறுக்கப்பட்டன. 'ராக்கி ஹாரர்' மட்டும் விலக்குப் பெற்றது. பார்வையாளர் நாற்பதாண்டுக் காலம் கட்டிக்காத்த வழக்கம், ஒரு நிறுவனத்தின் அலுவலக முடிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆண்டுவிழாவின் உற்சாகத்தில் இந்த நிலை மறைந்துபோவது நல்லதல்ல.

அடுத்தது பரிகாசம். டாமி வைசோ எழுதி, இயக்கி, நடித்த 'தி ரூம்' (2003) இன்று பல அரங்குகளின் விழாப் பட்டியலில் இடம்பெறுகிறது. திரையில் சட்டமிட்ட கரண்டிப் படம் தெரியும்போதெல்லாம் பிளாஸ்டிக் கரண்டிகள் பறக்கின்றன. வைசோ தாமே அக்காட்சிகளுக்கு வருவதால், அதில் புண்படுத்தல் இல்லை என்று வாதிடலாம். ஆனால் மோசமான படத்தைக் கேலி செய்யக் கூடும் பழக்கம் அந்த ஒரு படத்தோடு நிற்பதில்லை. ஐம்பதுகளின் உணர்ச்சி நாடகத்துக்கும் பழைய திகில் படத்துக்கும் அதே சிரிப்போடு வந்து உட்காருபவர்கள், முதன்முறை பார்க்க வந்தவரின் அனுபவத்தைப் பறித்துக்கொள்கிறார்கள். ராக்கி ஹாரரின் பழைய கூவல்களிலும் பெண்களை இழிவுபடுத்துபவை இருந்தன. சில குழுக்கள் அவற்றைத் தாமே மாற்றிக்கொண்டன. கூட்டம் தன்னைத் திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கு இது அடையாளம். ஆனாலும் எந்தக் காட்சியில் கூவலாம், எந்தக் காட்சியில் அமைதி காக்க வேண்டும் என்பதைச் சீட்டு விற்கும்போதே அரங்கு சொல்லியாக வேண்டும்.

வசூலும் கொண்டாட்டமும் அரங்கைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை இன்னொரு பலவீனம். லண்டன் லெஸ்டர் ஸ்கொயர் அருகே உள்ள பிரின்ஸ் சார்ல்ஸ் சினிமா 1962இல் நாடக அரங்காகத் திறக்கப்பட்டு, 1969 முதல் திரையரங்காக இருந்துவருகிறது. கல்ட் படங்களுக்கும், கூடிப் பாடும் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' காட்சிகளுக்கும் உலக அளவில் பெயர் பெற்றது. கூட்டத்துக்குக் குறைவில்லாத அந்த அரங்குக்கே 2025 ஜனவரியில் குத்தகைச் சிக்கல் வந்தது. இடத்தை மறுகட்டுமானத்துக்கு எடுப்பதானால் ஆறு மாத அறிவிப்பில் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை நில உரிமையாளர் தரப்பு கேட்பதாக அரங்கு அறிவித்தது. சில நாள்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டனர். அந்தக் கையெழுத்துகள் கல்ட் படங்கள் தேடித் தந்த செல்வம்தான். ஆயினும் நிலம் தன் கையில் இல்லாத அரங்குக்கு ஆண்டுவிழா என்பது அடுத்த குத்தகை வரைக்குமான கொண்டாட்டம். பிராட்டில் அரங்கு 2001இல் லாபநோக்கற்ற அறக்கட்டளையின் கைக்கு மாறியது. விழா வருமானத்தையும் விழாவில் திரளும் அன்பையும் இப்படிப்பட்ட நிலையான அமைப்பாக மாற்றுவதே அறிவுடைய செயல்.

எல்லாவற்றையும்விட ஆழமான குறை, பட்டியல் சுருங்கிப்போனது. எழுபதுகளின் நள்ளிரவுத் திரையில் மெக்சிகோவின் 'எல் டோப்போ', ஜமைக்காவின் 'தி ஹார்டர் தே கம்', பால்டிமோரில் ஜான் வாட்டர்ஸ் சொற்பக் காசில் எடுத்த 'பிங்க் ஃபிளமிங்கோஸ்', டேவிட் லிஞ்சின் முதல் முழுநீளப் படமான 'இரேசர்ஹெட்' எல்லாம் இருந்தன. அவை காட்டப்பட்டபோது அவற்றுக்குப் பெயர் கிடையாது, காட்டியவர்தான் துணிந்தார். இன்று 'ராக்கி ஹாரர்', 'பிங்க் ஃபிளமிங்கோஸ்', 'இரேசர்ஹெட்' மூன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இருக்கின்றன. அரசே பாதுகாக்கும் படத்தைப் போடுவதில் துணிவு ஏதுமில்லை. விழாப் பட்டியல்கள் நகருக்கு நகர் ஒன்றுபோலவே அமைகின்றன: பெரும்பாலும் ஆங்கிலம், பெரும்பாலும் எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை, பெரும்பாலும் ஆண் இயக்குநர்கள். முன்னோர் தேடிக் கண்டெடுத்ததை மட்டும் கொண்டாடும் அரங்கு, அவர்கள் தேடினார்கள் என்பதை மறந்துவிடுகிறது.

தேடினால் இப்போதும் கிடைக்கிறது. நொபுஹிகோ ஓபயாஷி 1977இல் எடுத்த ஜப்பானிய விசித்திரப் படம் 'ஹவுஸ்' முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேற்கில் அறியப்படாமல் கிடந்தது. ஜேனஸ் ஃபிலிம்ஸ் நிறுவனம் 2009, 2010 ஆண்டுகளில் அதை அமெரிக்கத் தனி அரங்குகளுக்குக் கொண்டுவந்தது. நள்ளிரவுக் கூட்டம் அதைத் தனதாக்கிக்கொண்டது. பிராட்டிலைத் திரையரங்காக்கிய அதே ஹாலிடேயும் ஹார்வியும் 1956இல் தொடங்கிய நிறுவனம்தான் ஜேனஸ். 2022 ஜூன் 1 அன்று அமெரிக்க அரங்குகளில் ஒரே இரவுக்கு மறுபடியும் திரையிடப்பட்ட 'ஆர்ஆர்ஆர்' தெலுங்குப் படம், இந்திய சினிமாவே பார்த்திராதவர்களை ஆட வைத்தது. இரண்டிலும் மொழி தடையாக இருக்கவில்லை.

ஆண்டுவிழாவில் கல்ட் படம் போடும் வழக்கம் தொடர வேண்டியதே. அதைவிடப் பொருத்தமான கொண்டாட்டம் தனித் திரையரங்குக்கு இல்லை. ஆனால் விழா வாரத்தின் ஒரு நள்ளிரவையாவது ஊரில் யாரும் பார்த்திராத படத்துக்கு ஒதுக்கி, முதல் இரவு பத்துப் பேரே வந்தாலும் அடுத்தடுத்த வாரங்களில் அதே நேரத்தில் அதே படத்தை ஓட்டும் பொறுமை அரங்குக்கு வேண்டும். அதற்கு இடமளிக்காத விழா நிகழ்ச்சி நிரல் முழுமையற்றது.