பேஸ் மாதிரி

'மாடலிங்' என்பதற்குத் தமிழில் 'மாதிரியாக்கம்' என்று போடுவார்கள். எனக்கு வெறும் 'மாதிரி'யே போதும். அந்தச் சொல்லுக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்றைப் பார்த்துச் செய்த அச்சும் மாதிரிதான். 'அது மாதிரி இருக்கு, ஆனா...' என்று நாம் இழுக்கிறோமே, அதுவும் மாதிரிதான். பேஸ் கிட்டாரில் செருகி வாசிக்கும் டிஜிட்டல் மாடலிங், சிந்தசைஸர் பெட்டி ஒன்றை மூன்று வருடமாகக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டிருக்கிறேன். அந்த 'ஆனா'வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் பெட்டிகளைப் பற்றி வருகிற விமர்சனங்கள் பெரும்பாலும் காணொளிகள். ஒருவர் தனியறையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் நாற்பது ஒலிகளைத் தட்டிக் காட்டி, 'செம' என்று முடித்துவிடுவார். நாவலின் பின்னட்டையைப் படித்துவிட்டு நாவலைப் பற்றிப் பேசுகிற கதைதான். பேஸ் தனியாகக் கேட்கப்படுகிற வாத்தியம் இல்லை. டிரம்ஸுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் அது எங்கே உட்காருகிறது என்பதில்தான் அதன் நல்லதும் கெட்டதும் இருக்கிறது.

முதலில் பெட்டி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண பேஸ் பிக்கப், நான்கு கம்பிகளின் அதிர்வையும் ஒன்றாகக் கலந்து ஒரே கேபிளில் அனுப்பும். இந்த வகைப் பெட்டிக்கு அது போதாது. பிரிட்ஜை ஒட்டி, மெல்லிய பட்டை போல இன்னொரு பிக்கப் வைக்க வேண்டும். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் தனிக் காந்தச் சுருள். நான்கு கம்பியும் நான்கு தனித்தனிச் சிக்னலாக 13 முள் கேபிள் வழியாகப் போகும். ரோலண்ட் நிறுவனம் பரப்பிய ஏற்பாடு இது. 1995-இல் கிட்டாருக்கு விஜி-8, 2000-இல் பேஸுக்கென்றே வி-பேஸ், 2011-இல் மாடலிங்கையும் சிந்தையும் ஒரே பெட்டிக்குள் போட்ட ஜிஆர்-55. கடைசியாகச் சொன்னதில் பேஸுக்கான மோடும் உண்டு. என் காலடியில் இருப்பது எந்த கம்பெனி, எந்த மாடல் என்பது இங்கே தேவையில்லை. கைமாற்றாக வாங்கியது. குணம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரே பெட்டி என்றாலும் உள்ளே நடப்பது இரண்டு வேறு வேலைகள். மாடலிங், கம்பியிலிருந்து வரும் அலையையே எடுத்து வடிவம் மாற்றுகிறது. பிக்கப் வேறு இடத்தில் இருந்தால், உடல் வேறு மரமாக இருந்தால் எப்படிக் கேட்கும் என்று கணக்குப் போட்டு அதை உடனே செய்கிறது. சிந்த், அதிலும் பதிவு செய்து வைத்த ஒலிகளை எழுப்புகிற வகை, அப்படி இல்லை. 'நீ வாசித்தது எந்தச் சுரம்?' என்று முதலில் கேட்டுக்கொள்கிறது. பதில் கிடைத்த பிறகுதான் தன்னிடம் இருக்கும் ஒலியை எடுத்து விடுகிறது. முன்னது பிரதியைத் திருத்துகிறவர், பின்னது காதால் கேட்டு வேறு மொழியில் சொல்கிற மொழிபெயர்ப்பாளர். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

திருத்துகிறவரை முதலில் பார்ப்போம். இந்தப் பெட்டிகளில் இரண்டு ஒலிகள் கட்டாயம் இருக்கும். ஒன்று, பழைய மோட்டவுன் பேஸ். இன்னொன்று ஃப்ரெட்லெஸ்.

மோட்டவுன் ஒலி என்றால் ஜேம்ஸ் ஜேமர்சன். 1962 ஃபெண்டர் பிரிசிஷன், தட்டையாகச் சுற்றிய கம்பிகள், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு, வலக்கையில் ஆட்காட்டி விரல் மட்டும். கம்பியை மாற்றவே மாட்டார் என்பது பேஸ் வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. பெட்டி இதில் ஸ்பாஞ்சைப் பிடித்துவிடுகிறது. சுரம் சீக்கிரம் அடங்குகிறது, மேல்பக்கப் பளபளப்பு போய்விடுகிறது. கண்ணை மூடிக் கேட்டால் ஓர் எட்டு மார்க் போடலாம். ஆனால் அந்த ஒரு விரலைப் பெட்டியால் பிடிக்க முடியாது. ஒரே விரலால் வாசிக்கும்போது ஒரு கம்பியிலிருந்து கீழ்க் கம்பிக்கு இறங்குகிற விதம் வேறு, அழுத்தம் விழுகிற இடம் வேறு. அந்த நடை கையில் இருக்கிறது, ஒலியில் இல்லை. இதைப் பெட்டியின் குறை என்று சொல்ல மாட்டேன். அது தருவதாகச் சொன்னதைத் தருகிறது.

ஃப்ரெட்லெஸ் விஷயம் வேறு. அங்கேதான் எனக்குச் சண்டை. ஃப்ரெட்டைப் பிடுங்கிய பேஸை ஜாக்கோ பஸ்டோரியஸ் 1976-இல் வந்த தன் முதல் ஆல்பத்தில் எங்கே கொண்டுபோனார் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒலியின் மேல் ஒரு மயக்கம் இருக்கும். சுரம் தொடங்கிய பின் மெல்ல வாய் திறக்கிற மாதிரி ஒரு 'ம்வா'. பெட்டி அந்த 'ம்வா'வைச் செய்கிறது, மோசமில்லை. ஆனால் என் விரல் இருப்பது ஃப்ரெட் உள்ள பேஸில். நான் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போனால் நடுவில் ஃப்ரெட் ஃப்ரெட்டாகப் படி தெரிகிறது. ஏணியில் இறங்குகிற மாதிரி. அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஃப்ரெட்லெஸ்ஸில் ஒவ்வொரு சுரமும் தப்பிப் போகலாம். விரல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் சுருதி விலகும். வாசிப்பவர் ஒவ்வொரு கணமும் கேட்டுத் திருத்திக்கொண்டே இருக்கிறார். நாம் அழகு என்று கேட்பதில் பாதி அந்தத் திருத்தம்தான். பெட்டி தருவது தப்பவே முடியாத ஃப்ரெட்லெஸ். கண்ணீர் மருந்து விட்டுக்கொண்டு நடிக்கிற அழுகைக் காட்சி.

நம் கவிதைகளிலும் இதைப் பார்க்கிறேன், சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு பெரிய கவிஞரின் வாக்கிய முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 'ம்வா' சரியாக விழும், விரல் மட்டும் எப்போதும் ஃப்ரெட்டின் மேல்தான். சரி, பெட்டிக்கு வருவோம்.

சிந்த் பக்கம் வந்தால் பிரச்சினை அழகியல் இல்லை, இயற்பியல். பல்கலைக்கழகத்தில் சிக்னல் பிராசஸிங் படித்தபோது கரும்பலகையில் பார்த்த ஒரு வகுத்தல் கணக்கு, மேடையில் வந்து காலைப் பிடிக்கும் என்று நினைக்கவில்லை. பேஸின் கீழ் ஈ கம்பி ஒரு விநாடிக்கு 41.2 முறை அதிர்கிறது. ஒரு முறை அதிர்ந்து முடிக்கவே 24 மில்லி விநாடி. இது எந்தச் சுரம் என்று சொல்லப் பெட்டி குறைந்தது ஒரு சுழற்சியாவது முழுதாகப் பார்க்க வேண்டும். கம்பியைத் தட்டிய முதல் கணத்தில் வருவது பாதி இரைச்சல் என்பதால், நம்பிச் சொல்ல இரண்டு சுழற்சி வேண்டும் என்று வையுங்கள். 48 மில்லி விநாடி ஆகிவிட்டது. எவ்வளவு வேகமான சிப் போட்டாலும் இதை ஏமாற்ற முடியாது, ஏனென்றால் காத்திருப்பது கணினி இல்லை. கம்பி இன்னும் தன் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை.

48 மில்லி விநாடி ஒரு பெரிய விஷயமா? நிமிடத்துக்கு 120 தாளம் போகிற பாட்டில் பதினாறாம் பங்குச் சுரம் ஒன்றின் நீளம் 125 மில்லி விநாடி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. வேறு விதமாகச் சொன்னால், ஒலி அந்த நேரத்தில் 16 மீட்டர் போகும். பூப்பந்துத் திடலின் முழு நீளமே 13.4 மீட்டர்தான். டிரம்மர் இந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்க, பேஸ் அந்தக் கோட்டையும் தாண்டி நின்று வாசிக்கிறது. எங்கள் குழுவில் கீபோர்ட் வாசிக்கும் அண்ணனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இரண்டாவது ஒத்திகையிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, நீ சரியாத்தான் வாசிக்கிற. ஆனா உன் சத்தம் பின்னால நடந்து வருதுடா."

தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால்கூடப் பழகிக்கொள்ளலாம். பெரிய பைப் ஆர்கன் வாசிக்கிறவர்கள் தாமதத்தோடுதான் வாழ்கிறார்கள். இங்கே அது கம்பிக்குக் கம்பி மாறுகிறது. ஈ கம்பிக்கு ஒரு சுழற்சி 24, ஏ கம்பிக்கு 18, டி-க்கு 14, ஜி-க்கு 10. மேலே ஏற ஏறச் சுரம் சீக்கிரம் வருகிறது. கீழிருந்து மேலே ஓடுகிற ஒரு வரியை வாசித்தால் தானாகவே வேகம் கூடுவது போலக் கேட்கும். முன்கூட்டியே வாசித்துச் சமாளிக்கலாம் என்கிறவர்கள், எவ்வளவு முன்னால் என்பதைக் கம்பிக்குக் கம்பி சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கு மேல் இன்னொரு செவிட்டுத்தனமும் உண்டு. பேஸ் வாசிப்பில் சுரமில்லாத தட்டல்கள் நிறைய. இடக்கையால் கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டு வலக்கையால் தட்டினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குச் சுருதி கிடையாது, தாளம் மட்டும்தான். சுரத்தின் பெயரை மட்டுமே கேட்கத் தெரிந்த சிந்த் அதை ஒன்று விழுங்கிவிடும், அல்லது சம்பந்தமே இல்லாத ஒரு சுரத்தைத் துப்பும். இளையராஜாவின் குழுவில் பேஸ் வாசித்த சசிதரனின் வரிகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் இழப்பு புரியும். சுரத்துக்குச் சுரம் நடுவில் நடப்பதும் அங்கே பாட்டுதான்.

அப்புறம் ஏன் இதை வைத்திருக்கிறேன்? தமிழ் மேடை இசைக்குழுக்களில் பேஸ் வாசிப்பவரின் இடம் போய்க்கொண்டிருப்பதால். 1992-இல் 'ரோஜா' வந்த பிறகு தமிழ்ப் பாட்டின் கீழ்த்தளம் மாறிவிட்டது. ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் போன்ற ஒருவர் கையால் வாசித்த பேஸும் உண்டு, சிந்தில் செய்த பேஸும் உண்டு. அவருக்குப் பின் வந்தவர்களிடம் இரண்டாவது வகை கூடிக்கொண்டே போனது. கிள்ளானிலோ ஈப்போவிலோ ஒரு கல்யாண மண்டபத்தில் இந்தப் பாட்டுகளை வாசிக்கும்போது சாதாரண பேஸ் கிட்டார் மெலிந்து கேட்கிறது. உடனே கீபோர்ட்காரரின் இடக்கை அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. நான் பார்த்த பல குழுக்களில் பேஸ் வாசிப்பவர் என்று ஒருவரே இல்லை. ஏற்பாட்டாளருக்கு ஒரு சம்பளம் மிச்சம். ஆகவே இந்தப் பெட்டி எனக்குப் பொம்மை இல்லை, மேடையில் நிற்பதற்கான அனுமதிச்சீட்டு.

இடக்கை பேஸ் மட்டம் என்று நான் சொல்லவில்லை. பார்லிமெண்ட் குழுவின் 'ஃப்ளாஷ்லைட்' பாட்டில் நாம் கேட்கும் பேஸ், பெர்னி வொரெல் மினிமூக்கில் வாசித்தது. 1977 ஆல்பம். பேஸ் கிட்டாருக்கு பூட்சி காலின்ஸ் இருந்த குழு அது. அங்கே கீபோர்ட், பேஸ் கிட்டாரை நகலெடுக்கவில்லை. விசையில் விரல் வைத்தால் என்ன வருமோ அதை வாசித்தது. அதைக் கேட்ட பிறகுதான் பெட்டியை எந்தக் கேள்வியோடு திறக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. 'இது மூக் மாதிரி இருக்கிறதா' என்பது தவறான கேள்வி. மூக் வேண்டுமென்றால் பக்கத்தில் அண்ணன் இருக்கிறார். கம்பியில் விரல் வைத்திருப்பதால் மட்டுமே வரக்கூடியது என்ன?

வழி, பழைய இடத்திலேயே இருக்கிறது. 1980-இல் வந்த ரோலண்ட் ஜிஆர்-300, பேட் மெத்தெனி பல வருடங்களாக விடாமல் வாசிக்கும் கிட்டார் சிந்த், சுரத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளக் காத்திருப்பதில்லை. கம்பியின் அதிர்வே அலையை ஓட்டுகிறது. இன்றைய பெட்டிகளிலும் அந்த வகை ஒலிகள் மாடலிங் பக்கத்தில் இருக்கின்றன. ரம்பப்பல் அலை, அதன் மேல் ஒரு ஃபில்டர், அந்த ஃபில்டரைத் திறப்பது என் விரலின் அழுத்தம். மெல்லத் தொட்டால் முணுமுணுக்கும், ஓங்கித் தட்டினால் பல்லைக் காட்டும். 'டக்' என்று தட்டினால் அதற்கும் ஏதோ ஒரு பதில் சொல்லும். கீபோர்டின் இடக்கையால் இதைச் செய்ய முடியாது. பெட்டியில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். காணொளிகளில் இதற்கு அரை நிமிடம்கூடக் கிடைப்பதில்லை, ஏனென்றால் இது எதன் மாதிரியும் இல்லை.

இன்னொரு வழி கலப்பு. சாதாரண பிக்கப்பின் ஒலியை அப்படியே விட்டு, அதற்கு அடியில் சிந்தைக் கொஞ்சமாகச் சேர்ப்பது. சுரம் எப்போது தொடங்கியது என்பதைக் காது அந்த முதல் தட்டலை வைத்துத்தான் முடிவு செய்கிறது. தட்டல் நேரத்துக்கு வந்துவிட்டால், உடம்பு பின்னால் வந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. வேகமான பாட்டாக இருந்தால் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்து, பெட்டியில் ஒரு ஸ்தாயி கீழே இறக்கச் சொல்லிவிடுவேன். 82.4 ஹெர்ட்ஸ், 12 மில்லி விநாடி. கை பழைய இடத்தில் இல்லாததால் முதல் ஒரு மாதம் எரிச்சலாக இருக்கும்.

தொழிற்சாலை போட்டுக்கொடுத்த ஒலிகள் எல்லாம் இன்னும் உள்ளேயே கிடக்கின்றன. டிரம்பெட், வயலின், ஆண் குரல் கோரஸ். மேடையில் நான் மிதிப்பது நான்கு மட்டும், நான்கும் நானே செய்தவை. அண்ணனுக்கு இப்போது பேஸ் பிடித்துப்போய்விட்டது. இடக்கையைச் சும்மா வைத்துக்கொண்டு, ஐந்து கம்பி பேஸ் வாங்கச் சொல்லி நச்சரிக்கிறார். இன்னும் கீழே போகலாமாம். கீழ் பி கம்பி 30.9 ஹெர்ட்ஸ், ஒரு சுழற்சி 32 மில்லி விநாடி, இரண்டு என்றால் 65. நாலு போதும்ணே என்று சொல்லியிருக்கிறேன்.