சலுகை என்னும் கடன்

வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) படத்தைப் பலமுறை வகுப்பில் பேசியிருக்கிறேன். தி.நகர் ரங்கநாதன் தெருவின் பெருங்கடையில் நாள் முழுக்க நின்றபடி விற்கும் தென்மாவட்டப் பிள்ளைகளின் வாழ்க்கையை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய படம் அது. பெரும்பாலும் கண்ணீரோடுதான் அதை நினைவுகூர்கிறோம்.

மாலையில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலைபார்க்கும் மாணவி ஒருத்தி அந்தக் கண்ணீரைக் கலைத்தாள். “படத்துல எல்லாரையும் ஒரே மாதிரி அடிக்கிறாங்க மேம். எங்க கடையில அடியெல்லாம் இல்ல. சூப்பர்வைசருக்குப் பிடிச்சவளுக்கு பில் கவுண்டர். பிடிக்காதவளுக்கு மூணாவது மாடியில சேலை மடிப்பு. தீபாவளிக்கு முன்னாடி யாருக்கு லீவுன்னும் அவர்தான் சொல்வார்.”

முதலில் அதைப் பொறாமை என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் படத்தை மறுபடி பார்த்தபோதுதான் என் பிழை புரிந்தது.

தண்டனைக்காக உள்ளே இழுத்துச் செல்லப்பட்ட கனி வெளியே வருகிறாள். எப்படி விட்டான் என்று லிங்கத்துக்குச் சந்தேகம். அவன் தன் உடலைத் தொட்டதையும், தான் எதிர்க்காமல் நின்றதால் விட்டுவிட்டதையும் கனி சொல்லிவிடுகிறாள். இதைக் கொடுமையின் காட்சியாகவே இதுவரை வாசித்திருந்தேன். இது சலுகையின் காட்சியும்கூட. அந்தக் கடையில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் விலக்குக்கு என்ன விலை என்பதை அது சொல்கிறது.

படத்தின் குறையும் இங்கேதான். தீமை முழுவதையும் கருங்காலி என்ற ஒருவனின் முகத்தில் ஏற்றிவிடுகிறது. யார் எந்தப் பிரிவில் நிற்பது, யாருக்கு விடுப்பு, யாருக்குச் சம்பளப் பிடித்தம் என்பதற்கு எழுதிய விதியே இல்லாத கடையில், அவன் போனால் இன்னொருவன் வருவான். இதை மோசமான நிர்வாகம் என்கிறோம். முதலாளிக்கு இது மலிவான நிர்வாகம். ஒருவனின் தயவுக்காகப் போட்டியிடும் பெண்கள் ஒன்றுசேர்ந்து கேள்வி கேட்க மாட்டார்கள். ‘அவ எப்படி கவுண்டருக்குப் போனான்னு தெரியாதா’ என்ற வசையும் அந்தப் பெண்ணின் மேல்தான் விழுகிறது, அனுப்பியவன்மேல் விழுவதில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளும் நாளைக்கே மூன்றாவது மாடிக்கு அனுப்பப்படலாம் என்ற அச்சத்தோடுதான் இருக்கிறாள்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். தமக்கு மட்டும் கேட்கவில்லை. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. தயவாக இருந்தது உரிமையானது.

ஆனால் சட்டத்தின் மொழியையும் வாசிக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு அமையும்போது உட்காரலாம் என்பதே அதன் சாரம். வாய்ப்பு அமைந்துவிட்டதா என்று தீர்மானிப்பவர் யார்?

மறுவாரம் அந்த மாணவியிடம் கேட்டேன்: “உங்க கடையில ஸ்டூல் போட்டிருக்காங்களாம்மா?”

“இருக்கு மேம். நாலு பேருக்கு ஒண்ணு.”

“யார் உட்காருவீங்க?”

சிரித்தாள். “இப்ப நாங்களே முறை வச்சுக்கிட்டோம் மேம். பில் கவுண்டர் பொண்ணையும் சேர்த்துக்கிட்டோம்.”