ஆத்தாள் பெயர் தெரியாத குதிரை

எங்கள் சேவுகம்பட்டிப் பக்கம் குதிரை என்றால், சிறுமலையில் வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் சுமக்கிற மட்டக்குதிரைதான் நினைவுக்கு வரும். கொஞ்சம் பெரிய குதிரை பார்க்க ஆசைப்பட்டால், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகவேண்டும். மார்வாரி, கத்தியவாரி என்று வரிசையாக நிற்கும். வாங்க வந்தவர் நெற்றியிலும் கழுத்திலும் சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார். "ரேஸ் குதிரை ரத்தம் கலந்ததுங்க" என்று தரகர் சொல்லிவிட்டால் பேச்சே மாறிவிடும். அந்த ரத்தம் நிஜமாகவே என்ன தருகிறது?

தரோபிரெட் என்கிற பந்தயக் குதிரை ஒரே நோக்கத்துக்காக மனிதன் வடித்தெடுத்த உயிர். பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்ற மூன்று பொலிக்குதிரைகளில்தான் இன்றைய தரோபிரெட்டின் ஆண் வழி முழுவதும் போய் முடிகிறது. 1791இல் தொடங்கிய வம்சாவளிப் பதிவேடு வெளிக் குதிரைகளுக்கு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. செயற்கைக் கருவூட்டல் கூடாது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேகத்தை மட்டுமே பார்த்துத் தேர்ந்ததில், அகன்ற மூச்சு, பெரிய இதயம், சொன்னதும் பாயும் துடிப்பு மூன்றும் இதற்குப் பிறவிச் சொத்தாகிவிட்டன. கூடவே வந்தவை மெல்லிய குளம்பு, தரையோடு தாழ்ந்து ஓடும் கால்வீச்சு, சட்டென்று கொதிக்கும் குணம். பந்தயத்தில் இவை பெரிய குறையில்லை. ஒன்றரை மீட்டர் தடையைத் தாண்டச் சொல்லும்போது ஒவ்வொன்றும் பிரச்சினை.

இந்த ரத்தத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டியவர்கள் வட ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் விவசாயிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர் வந்ததும் அவர்களுடைய கனத்த வண்டிக் குதிரைகளுக்கு வேலை போயிற்று. சவாரிக் குதிரையாக மாற்றியாக வேண்டும். 1961இல் பிறந்த லேடிகில்லர் என்ற தரோபிரெட்டைக் கொண்டுவந்து தங்கள் பெட்டைகளோடு சேர்த்தார்கள். லார்ட், லாண்ட்கிராஃப் என்ற மகன்கள் பிறந்து, தடை தாண்டும் குதிரைகளில் ஒரு பெரிய வம்சமே கிளைத்தது. வெற்றியின் பெருமை முழுவதும் லேடிகில்லருக்கே போய்ச் சேர்ந்தது. அது பாதி நியாயம்தான். ஹோல்ஸ்டைன்காரர்கள் பெட்டைக் குடும்பங்களுக்கு எண் கொடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பதிந்து வைத்திருந்தார்கள். எந்தத் தாயின் முதுகு வலிமையானது, எவளுடைய குட்டி நிதானமானது என்று தெரிந்திருந்தது. நல்ல பால் இருந்ததால்தான் ஒரு கரண்டி உறைமோர் வேலை செய்தது.

நம்மிடம் பால் இல்லை, உறைமோர் மட்டும் குடம் குடமாக இருந்தது. கிண்டியிலும் பெங்களூரிலும் புனேயிலும் ஓடி முடித்த குதிரைகளே சவாரிப் பள்ளிகளுக்குப் போயின. மலிவாகக் கிடைத்தன, துணிச்சல் இருந்தது, ஓட்டத்தில் களைக்காதவை. இதைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. அந்த வாய்ப்பு மட்டும் இல்லாவிட்டால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் சேணத்தில் ஏறியே இருக்கமாட்டார்கள். ஆனால் எலும்பு முற்றாத இரண்டு வயதிலேயே பந்தயத்தில் இறக்கப்பட்ட கால்கள் அவை. தாண்டுவதற்கென்று தேர்ந்தெடுத்ததும் இல்லை, வேகத்தில் தோற்றதால் வந்து சேர்ந்தவை. ஒரு தொழிலில் தள்ளுபடியான சரக்கை இன்னொரு தொழிலுக்கு மூலதனமாக்கினோம். பதக்கக் கணக்கைப் பாருங்கள்: 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் இராணுவ வீரர் ரகுபீர் சிங் ஈவெண்டிங் என்ற மூன்று கட்டப் போட்டியில் தங்கம் வென்றார். அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் குதிரையேற்றத்தில் நமக்கு அடுத்த தங்கம் வர 41 ஆண்டுகள் ஆயின. 2023இல் ஹாங்சோவில் டிரெசாஜ் என்ற நடைப் போட்டியில் நம் அணி அதை வென்றது. நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள்.

குதிரையை வாங்குவது, ஓட்டித் தீர்ப்பது, மறுபடி வாங்குவது என்பது நமக்குப் பழைய பழக்கம். பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்ததையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்ததையும் மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் கதை அந்த மண்ணில் பிறந்ததில் ஆச்சரியமில்லை.

ஐரோப்பாவிலும் இப்போது தரோபிரெட்டுக்கு மவுசு குறைந்திருக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஈவெண்டிங்கின் நீண்ட சாலை ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள். கிலோமீட்டர் கணக்கில் மூச்சுப் பிடிக்கும் குதிரைக்கான தேவை சுருங்கியது, அழகாக நடக்கிற, உயரமாகத் தாண்டுகிற குதிரைக்கு விலை ஏறியது. ஆனாலும் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை அந்தச் சூடான ரத்தத்தைத் தொட்டுக்கொள்ளாவிட்டால் குதிரை கனத்து, மந்தமாகிவிடும் என்று பழைய வளர்ப்பாளர்கள் புலம்புகிறார்கள். அவர்கள் சொல்வது சரியென்றே படுகிறது.

சிறுமலைக் குதிரைக்கு இந்த ரத்தம் வேண்டாம். கல்லும் சரிவுமான பாதையில் நெட்டைக் காலும் மெல்லிய குளம்பும் நாலு நாள் தாங்காது. அந்தியூரில் வேண்டுமானால் ஒன்று செய்து பார்க்கலாம்: சுழியைக் கேட்கிற வாயால் ஆத்தாள் யார் என்றும் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விற்பவரிடம் பெரும்பாலும் எழுத்தில் பதில் இராது. கிண்டியில் ஓடிய பெட்டைக்காவது பரம்பரை முழுவதும் எழுத்தில் இருக்கிறது. அவளை ஒரு கத்தியவாரியோடு சேர்த்தால், பிறக்கிற குட்டிக்கு அந்த மூடிய பதிவேட்டில் இடமில்லை. இருநூறு ஆண்டுக்கும் மேலான கணக்கு அவளோடு நின்றுவிடும்.